சம்பந்தி வெச்ச எடம்

ஏனுங்க அம்மணி, சித்த நகந்து உக்காந்துக்கறீங்களா? இல்ல இல்ல, ஜன்னலோரம் எனக்கு வேண்டாம், நீங்களே அங்க இருங்க. வெயிலு அந்தப் பக்கந்தான் சுள்ளுனு அடிக்குது. என்ற கையில இருக்கற இந்தக் கவருல வெயிலு படக்கூடாது. அட, பயந்துக்காதீங்க. உள்ள உசுரு இருக்குது, ஆனாக் கடிக்காது.

எதுவரைக்கும் போறீங்க? பொள்ளாச்சியா? நான் கெணத்துக்கடவுல எறங்கிக்குவேன். கண்ணு, ஒரு நிமிசம் இதைப் புடிச்சுக்கறயா? கண்டக்டரு வர்றதுக்குள்ள சுருக்குப்பையத் தேடி எடுத்துப்போடறேன். அடியில கை குடுத்துப் புடி. கழுத்தைப் புடிச்சுத் தூக்குனா ரப்பர் பேண்டு அவுந்துக்கும். ஆமா, அப்படித்தான். வெயிலு படாம மடியோட வெச்சுக்க.

மீனுதான். டேங்க் கிளீனருன்னு பேரு. அது வாயப் பாரேன், கவருல எப்படி ஒட்டிக்கிட்டுக் கெடக்குது! இப்படியே கண்ணாடித் தொட்டியில ஒட்டிக்கிட்டுப் பாசியத் திங்குமாம். திங்குமாம்னு சொல்றாங்க. எங்கூட்டுல ஏற்கெனவே மூணு கெடக்குது, ஒண்ணுக்கும் பசிக்கவே மாட்டேங்குது. கடையில இருக்கறதுலயே பெருசா ஒண்ணு குடுங்கன்னு கேட்டு இதை வாங்கியாந்திருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள இது மொத்தத்தையும் தின்னு முடிச்சாகோணும். இல்லீன்னா என்ற புள்ளை பிரசவத்துக்கு எங்கூட்டுக்கு வரமாட்டா.

சிரிக்காத கண்ணு. நெசமாத்தான் சொல்றேன்.

என்ற புள்ளை பேரு தாரணி. ஒரே புள்ளை. உடுமலைப் பக்கம் குடுத்திருக்கோம், தென்னந்தோப்புக்காரங்க. வர்ற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கட்டுச்சோறு. நாங்க வகை வகையாச் சோறு கட்டி எடுத்துக்கிட்டுப் போயி, சம்பந்தியூட்டுல விருந்து போட்டு, வளையல் போட்டு, புள்ளைய எங்கூட்டுக்குக் கூட்டியாரோணும். சம்பந்தி, 'நானே காருல கொண்டாந்து வுட்டுப்போட்டு, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு வர்றேனுங்க'ன்னு சொல்லியிருக்காரு. மொதப் பிரசவம் தாயூட்டுலதானே ஆகோணும்? நீயே சொல்லு. அதுக்கு இவ என்னங்கறா தெரியுமா? 'அந்தத் தொட்டி அப்படியே நாறிக்கிட்டுக் கெடந்துச்சுன்னா நான் வாசப்படியே ஏறமாட்டேன். இங்கயே பெத்துக்கறேன்'ங்கறா. பெத்த தாயிகிட்ட!

இந்தத் தொட்டி எப்படி வந்துச்சுன்னு சொல்லோணுமல்ல? எங்கூட்டுக்காரரு மில்லுல வேலை பாத்து ரிட்டயரானவரு. ஊடு கட்டறப்போ அவருக்கு ஒரே ஒரு ஆசை. மேக்கால பெரிய ஜன்னலு வெக்கோணும், பாலக்காட்டுக் காத்து நேரா ஹாலுக்குள்ள வரோணும், அதுக்கு எதுத்தாப்பல சேரு போட்டு உக்காரோணும். அவ்வளவுதான் அவரு கேட்டது. மத்த எல்லாத்தையும் நான் சொன்னபடி கட்டுனாரு, ஜன்னல மட்டும் அவரு சொன்னபடி வெச்சாரு. ஆளு நின்னா முழுசாத் தெரியற ஜன்னலு. அதுக்குக் கீழ ஒரு கடப்பாக் கல்லுத் திண்டு. ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு.

கிரகப்பிரவேசத்தன்னிக்கு சம்பந்தி வந்தாரு. பேரு சென்னியப்பன். ஆளு நல்ல உசரம், வெள்ளை வேட்டி, பேசுனா வார்த்தைக்கு ரெண்டு 'ங்க' போடுவாரு. அவருக்குப் பொறத்தாலயே டிரைவரு, ரெண்டடிக் கண்ணாடித் தொட்டியத் தூக்கிக்கிட்டு வர்றான். அடியில மண்ணு, மண்ணு மேல கல்லு, அதுல செடியெல்லாம் நட்டு வெச்சிருக்குது. பின்னாடி ஒரு கவருல ஆரஞ்சு மீனுங்க. 'சும்மா மீனு தொட்டி இல்லீங்க, செடி வளக்கற தொட்டீங்க'ன்னாரு. எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எல்லாரும் பித்தளைக் கொடம் குடுப்பாங்க, கடியாரம் குடுப்பாங்க. இவரு உசுரக் கொண்டாந்து குடுக்கறாரு!

'எங்கீங்க சம்பந்தி வைக்கறது?'ன்னு கேட்டாரு.

'நீங்க சொல்ற எடத்துல வெச்சுரலாமுங்க'ன்னாரு எங்கூட்டுக்காரரு.

'அதெப்படீங்க, உங்கூடுங்க. நீங்கதானுங்க சொல்லோணும்.'

'எங்கூடென்னுங்க, உங்கூடென்னுங்க? நீங்க சொல்லுங்க.'

'ஐயோ, நான் சொன்னா நல்லாருக்காதுங்க.'

'நாங்க சொன்னாத்தானுங்க நல்லாருக்காது.'

நானும் நடுவுல பூந்து 'சம்பந்தி, நீங்களே சொல்லீருங்க'ன்னு சொல்றேன். சம்பந்தியம்மா 'அவருக்கென்னுங்க தெரியும், நீங்க சொல்லுங்க நங்கை'ன்னு என்ற பக்கமே திருப்பறாங்க. மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே இருக்கறோம். டிரைவருக்கு மூஞ்சி செவந்துபோச்சு, வேர்த்து ஊத்துது. பாத்தான், நேரா ஜன்னலுக்குக் கீழ இருந்த திண்டுல பொத்துனு எறக்கி வெச்சுப்போட்டு கையி ரெண்டையும் ஒதறுனான்.

சம்பந்தி தொட்டியப் பாத்தாரு, ஜன்னலப் பாத்தாரு, எங்க மூஞ்சியப் பாத்தாரு. 'ஆகா'ன்னாரு. எங்கூட்டுக்காரரும் 'ஆகா'ன்னாரு. 'இதாங்க எடம்'னாரு சம்பந்தி. 'இதைவுட்டா வேற எடமே இல்லீங்க'ன்னாரு எங்கூட்டுக்காரரு. முடிஞ்சுது.

பாத்தியா? அவரு வாயால 'இதாங்க எடம்'னு சொன்னாரு. அன்னிக்குப் பொழுதோடவே எங்கூட்டுக்காரரு, 'ஏம்புள்ளே, அது டிரைவரு கை வலிச்சு வெச்ச எடமாச்சே, நாம அந்த மூலைக்கு நகத்திக்கலாமா? என்ற சேருக்கு வழியில்ல'ன்னாரு. வுட்டேன் பாரு ஒரு அதட்டு! டிரைவரு யாரு? சம்பந்தியோட டிரைவரு. அப்ப அது யாரு வெச்ச எடம்? சம்பந்தி வெச்ச எடம். எனக்குக் கணக்கு வராதும்பாரு, இந்தக் கணக்கு மட்டும் எப்படி வந்துச்சு பாரு.

கவரு கனக்குதா கண்ணு? இரு, இந்தா வாங்கிக்கறேன். பூவ மட்டும் சரியா வெச்சுக்கறேன், அதுவரைக்கும் உன்ற மடியிலயே இருக்கட்டும்.

மொதல்ல ஒண்ணுங் கொறையில்ல. மேக்கால வெயிலு சாயறப்போ தண்ணியில அடிக்கும் பாரு, செடியெல்லாம் தகதகன்னு மின்னும். ரோட்டுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க. அப்பறம் கண்ணாடியில பழுப்பா ஒரு பூச்சு வந்துச்சு. தொடைச்சேன். அப்பறம் செடியில பச்சையா முடி மொளைச்சாப்பல தொங்குச்சு. பிச்சுப் போட்டேன். கொஞ்ச நாள்ல தண்ணியே பச்சையாயிருச்சு. கீரைய மசிச்சு ஊத்துனாப்பல. மீனெல்லாம் உள்ள இருக்குதா போயிருச்சான்னே தெரியல. எங்கூட்டுக்காரரு அந்தப் பக்கம் போறப்பெல்லாம் ஒரு சிட்டிகை தீனி போடுவாரு. ஒரு வாயி மேல வந்து லபக்குனு முழுங்கீட்டுப் போகும். 'இருக்குது புள்ளே'ம்பாரு. நான் போறப்ப நானும் ஒரு சிட்டிகை போட்டுப் பாப்பேன். நாங்களும் நிம்மதிக்கு என்னதான் பண்றது?

நானும் பாடுபடாம இல்ல. பித்தளைக்கு வெளக்கறாப்பல புளி போட்டுக் கண்ணாடியத் தேச்சேன். மீனெல்லாம் துள்ளுன துள்ளுல ஒண்ணு சோபாவுல வந்து வுழுந்துச்சு. அதுல இருந்து புளி வேண்டாமுன்னு வுட்டாச்சு.

அப்பறந்தான் டவுனுக்கு வந்தேன். உக்கடத்துல கமாலுதீன் பாய்னு ஒருத்தரு மீனு கடை வெச்சிருக்காரு. நல்ல மனுசன், ஆனா ஒரே பாட்டையே பாடுவாரு. நான் போயி, 'பாய், தொட்டி பச்சையாப் போச்சுங்க'ன்னேன். அவரு எதையும் பாக்காம மொதக் கேள்வியே, 'தொட்டி எங்கம்மா இருக்குது?'

'ஜன்னலுக்குக் கீழ.'

'வெயிலு நேரா வுழுகுதா?'

'பொழுது சாயற வரைக்கும் நல்லா வுழுகுதுங்க பாய்.'

'நகத்துங்கம்மா'ன்னாரு. 'வெயிலு நேரா அடிச்சாப் பாசி வரத்தான் செய்யும். வெயிலு படாத மூலையில வெச்சு, தெனம் கொஞ்ச நேரம் லைட்டு போடுங்க, செடிக்கு அது போதும்.'

'அதை மட்டும் வுட்டுப்போட்டு மத்ததைச் சொல்லுங்க பாய்'னேன்.

அவரு என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டுச் சொன்னாரு. தீனியக் கொறைங்க, எச்சாப் போட்டா அது அழுகிப் பாசிக்கு ஒரமாயிரும். வாரத்துக்கு ஒருக்காக் காவாசித் தண்ணி மட்டும் எடுத்துப்போட்டுப் புதுசு ஊத்துங்க. வெரசா வளர்ற செடி நாலு எச்சா வைங்க, பாசிக்குப் போற சத்தை அது இழுத்துக்கும். அப்படீன்னு சொல்லீட்டு, 'ஆனா நகத்தாம என்ன பண்ணாலும் பிரயோசனமில்லம்மா'ன்னு முடிச்சாரு.

எல்லாத்தையும் பண்ணோம் கண்ணு. அவரு காவாசித் தண்ணிய மாத்தச் சொன்னாரு, நாங்க மொத்தத் தண்ணியவும் மாத்துனோம். அதுவும் வாரத்துக்கு ஒருக்கா இல்ல, தெனம். அப்பத்தானே பலனு எச்சா வரும்? எங்கூட்டுக்காரரு வெடிஞ்சா ஓஸு பைப்போட நிப்பாரு. மீனுங்க தண்ணி மாத்தி மாத்திக் கெறங்கிப் போச்சு. பாதிச் செடி வேரோட மெதந்துருச்சு. ரெண்டு மீனு செத்துப்போச்சு. அன்னிக்கு நான் பட்ட பாடு! அவிய குடுத்த உசுரு எங்கூட்டுல சாகலாமா? அதும் புள்ளை முழுகாம இருக்கறப்போ? அதே நெறத்துல, அதே அளவுல தேடிப் புடிச்சு வாங்கியாந்து வுட்டேன். சம்பந்திக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீயும் சொல்லீறாத.

இப்பெல்லாம் நான் கடைக்குள்ள காலு வெச்சா, பாய் வாங்கன்னு சொல்றதில்ல. 'நகத்தீட்டீங்களா?'ன்னுதான் கேக்கறாரு. இன்னிக்கும் இந்த மீனக் குடுக்கறதுக்கு முன்னால, 'அம்மா, இது வளந்தா ஒரு மொழம் போகும், உங்க தொட்டியில திரும்பக்கூட முடியாது. இது போடற கழிவுலயே பாசி எச்சா வரும்'னு சொல்றாரு. யாவாரம் பண்ணத் தெரியாத மனுசன். காசு குடுத்து வாங்க வந்தவகிட்டப் பேசற பேச்சா?

ஏன், தெரை போட வேண்டியதுதானேங்கறயா? போட்டோமே! நல்ல கெட்டித் துணியில, மயிலு படம் போட்டது. அந்த வாரம் தண்ணி சித்த தெளிஞ்சாப்பலகூட இருந்துச்சு. அன்னைக்குப் பாத்து சம்பந்தி போன்ல வீடியோவுல வந்துட்டாரு. வந்தவரு, 'அட, ஜன்னலுக்குத் தெரை போட்டுட்டீங்களா?'ன்னாரு. அவரு மொகம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் உள்ளுக்குள்ள என்ன நெனைச்சாரோ? நாம குடுத்த தொட்டிய நாலு பேரு பாக்கக்கூடாதுன்னு மறைச்சுட்டாங்கன்னு நெனைச்சிருந்தா? போன வெச்ச கையோட தெரையக் கழட்டி மடிச்சு பீரோவுல வெச்சுட்டேன்.

அதுக்கடுத்து இன்னொருக்காக் கூப்புட்டாரு. 'மீனெல்லாம் எப்படி இருக்குதுங்க, சித்த காட்டுங்க'ன்னுட்டாரு. பச்சைத் தண்ணிய எப்படிக் காட்டறது? எங்கூட்டுக்காரரு முழிக்கறாரு. எனக்கு டக்குனு ஒரு ரோசனை. டிவியில கடலுக்குள்ள மீனு நீந்தற படம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சத்தத்தக் கொறைச்சுப்போட்டு, போன டிவிக்கு நேராப் புடிச்சுட்டேன். தண்ணி அப்படியே நீலமா, பளிங்காட்டம். நேரங் கெட்ட நேரம், ஒரு சுறா வாயப் பொளந்துக்கிட்டு நேரா வருது! சம்பந்தி கண்ணச் சுருக்கிப் பாத்துப்போட்டுச் சொல்றாரு, 'நல்லா வளந்துருச்சுங்க சம்பந்தி. உங்க கை ராசீங்க'ன்னு.

நம்பீட்டாரு பாவம். அவ்வளவு வெள்ளந்தி.

இப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் மாரியம்மன் நோம்பி வந்துச்சு. தாரணி அஞ்சு மாசம். மாப்பிள்ளையும் அவளும் வர்றாங்கன்னு நான் மூணு நாளா முறுக்கு சுட்டு, கச்சாயம் சுட்டு, ஊடு பூரா மெழுகாத கொறையாத் தொடைச்சு வெச்சிருக்கேன். வந்தா. செருப்பக் கழட்டுனா. ஹாலுக்குள்ள ஒரு காலு வெச்சா. மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுனவதான், வேப்ப மரத்தடியில கொடலே வெளிய வர்றாப்பல வாந்தி. எனக்கு அந்த வாசம் பழகிப்போச்சு, தெரியல. மாசமா இருக்கறவளுக்குத் தாங்குமா? தோசைய வாசல்ல சேரு போட்டு உக்காந்து தின்னா. பொழுதோட பொழுதா உடுமலைக்கே போயிட்டா. முறுக்கு டின்னு தொறக்காமலே கெடந்துச்சு. அன்னிக்கு நான் அழுத அழுகை இருக்குதே, மறைக்க என்ன இருக்குது, பொடவை முந்தி நனைஞ்சுபோச்சு. என்ற புள்ளை என்ற ஊட்டுல ஒரு ராத்திரி தங்கல.

அதுலருந்து ஒரே பேச்சுதான் அவளுக்கு. தொட்டிய நகத்து, வர்றேன். நகத்தலையா, வரல.

நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்? ஒரு பக்கம் புள்ளை. ஒரு பக்கம் சம்பந்தி. வெள்ளிக்கிழமை அவரே வந்து நிக்கறப்போ, அவரு வெச்ச எடத்துல தொட்டி இல்லீன்னா என்ன நெனைப்பாரு? நாம பாத்து வெச்சது இவிய கண்ணுக்குப் புடிக்கலைன்னு நெனைக்க மாட்டாரா? அதை மனசுல வெச்சுக்கிட்டு நாளைக்கு என்ற புள்ளைய ஒரு சொல்லு சொல்லீட்டா? இதுவரைக்கும் ஒரு சொல்லு சொன்னதில்ல. அவளை 'வாங்க, போங்க'ன்னுதான் கூப்புடுவாரு, மருமகள! அதுதான் எனக்குப் பயமே. சத்தம் போடற மனுசன்னா மனசுல இருக்கறது தெரிஞ்சுரும். இப்படி மரியாதையாவே பேசற மனுசன் உள்ளுக்குள்ள என்ன வெச்சிருக்காருன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? அந்த வெசனத்துலயே நான் எளைச்சுப்போனேன். பாத்தாத் தெரியலையா? சரி, வுடு.

இரு, போனு அடிக்குது. அட, தாரணிதான். அவளுக்கு நூறு ஆயுசு. சித்த அந்த மீனப் பாத்துக்க கண்ணு.

சொல்லு தங்கம்... பஸ்ஸுல இருக்கேன்... ஆமா, வாங்கியாச்சு, பெருசு... கத்தாத சாமி, வயித்துப் புள்ளை பயந்துக்கும்... யாரு சொன்னது?... அவரே சொன்னாரா?... எப்போ?... நீயா கேட்டே? உனக்கு யாரு கேக்கச் சொன்னது?... ம்... ம்... டிரைவரா?... ம்... அடக் கடவுளே... சரி, வெய்யி. சித்த கழிச்சுக் கூப்புடறேன்.

அய்யய்யய்யோ. கேட்டயா கண்ணு இந்தக் கூத்த?

இவ நேரா சம்பந்திகிட்டயே போயிக் கேட்டுப்போட்டா. 'மாமா, அந்தத் தொட்டிய நீங்கதான் அங்க வைக்கச் சொன்னீங்களா?'ன்னு. அதுக்கு அவரு, 'நான் எங்கீங்க சொன்னேன்? டிரைவரு கை தாங்காம எறக்குனானுங்க. வெயில்ல வெச்சாப் பாசி புடிக்குமேன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. உங்கப்பாரு ஆகான்னு சொல்லீட்டாரு, ஆசையா இருக்கறாருன்னு நான் வாயத் தொறக்கலீங்க. தெரை போட்டப்பத்தான் எனக்கு மனசு நெறைஞ்சுது, அப்பறம் அதையுங் காணோம்'னு சொன்னாராம். அதோட வுட்டாரா? அந்தத் தொட்டியே அவரு வாங்குனது இல்லையாம். தேங்கா யாவாரி ஒருத்தரு அவருக்குக் குடுத்ததாம். வேண்டாமுன்னு சொல்ல முடியாம வாங்கி வெச்சு, எங்க வைக்கறதுன்னு தெரியாம, எங்க கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டாந்தாராம். 'தாராளமா நகத்திக்கச் சொல்லுங்க, இல்லீன்னா யாருக்காச்சும் குடுத்துரச் சொல்லுங்க'ன்னுட்டாராம். அந்தச் சுறா மீனு டிவிப் படமுன்னு தெரிஞ்சும் அவரு காட்டிக்கலையாம், நம்ம மனசு சங்கடப்படுமேன்னு.

பாத்தியா கண்ணு? பாத்தியா? எப்பேர்ப்பட்ட மனுசன்!

என்ன, அப்ப நகத்திரலாமேங்கறயா? நீ சின்னப் புள்ளை, உனக்கு இதெல்லாம் புரியாது. தான் வெச்ச எடம்னு தெரிஞ்சா நமக்குச் சங்கடமா இருக்குமுன்னு பழியத் தூக்கி டிரைவரு மேல போடறாரு. குடுத்தது பெருசுன்னு நாம நெனைச்சுக்கக்கூடாதுன்னு, யாரோ குடுத்ததும்பாரு. அப்படியே வெச்சுக்கிட்டாலும், தனக்கு வந்ததை எடுத்து நமக்குக் குடுக்கறதுக்கு என்ன மனசு வேணும்? இவ்வளவு மரியாதையாப் பேசறவரு வெச்ச எடத்துல இருந்து ஒரு இஞ்சு நகத்துனாலும் நான் மனுசியா? இதுக்கு முன்னாடியாச்சும் ரெண்டு மனசா இருந்தேன். இப்ப முடிஞ்சுபோச்சு. தொட்டி நகராது.

ஆனா என்ற புள்ளை வரோணுமே.

அவ கடைசியா என்ன சொன்னா? ஆங்... 'அம்மா, ஒண்ணு அந்தத் தொட்டி போகோணும், இல்ல அந்த ஜன்னலு போகோணும். ரெண்டும் இருந்தா நான் வரல'ன்னா.

ஜன்னலு.

அட, ஜன்னலு!

இரு கண்ணு, எங்கூட்டுக்காரருக்கு ஒரு போனு போட்டுக்கறேன். ஏனுங்க! நாந்தான்... மீனெல்லாம் கெடக்கட்டும், நம்ம மேஸ்திரிய நாளைக்கு வரச் சொல்லுங்க... எதுக்கா? மேக்கு ஜன்னல அடைக்கறதுக்கு. செங்கல்லு வெச்சு... முழுசாத்தான்... காத்தா? காத்து வேணுமா, பேரன் வேணுமா? அதை மொதல்ல சொல்லுங்க... ஹலோ... இருக்கீங்களா?... சம்பந்தி கேட்டா வாஸ்துன்னு சொல்லிக்கலாம். வாஸ்துன்னா யாரும் எதிர்த்துப் பேசமாட்டாங்க... உங்க சேர மொட்டை மாடியில போட்டுக்கலாம், அங்க இன்னும் நல்ல காத்து... ஆமா... சரிங்க. காப்பி அடுப்புல வைங்க, வந்துட்டேன்.

ஒத்துக்கிட்டாரு. 'சரி புள்ளே'ன்னாரு. தங்கமான மனுசன். அவருக்கும் புள்ளை வந்தாப் போதும்.

தாரணிக்கும் சொல்லிப்போடறேன், பாவம், வெசனப்பட்டுக்கிட்டு இருப்பா... தங்கம், எல்லாஞ் சரியாப்போச்சு. ஜன்னலு போகுது... நெசமாத்தான், வெள்ளிக்கிழமைக்குள்ள செவுரு வந்துரும்... ஹலோ?... ஏஞ் சாமி, அழுகறயா, சிரிக்கறயா?... ம்... சரி... சரி தங்கம். பாத்துப் போயிப் படு.

வர்றேன்னுட்டா கண்ணு! 'உங்க ரெண்டு பேரையும் தனியா வுடக்கூடாது, நான் வந்தாத்தான் சரிப்படும், வர்றேன்'னுட்டா. என்ற வயித்துல பாலு வாத்தா. நோம்பியிலருந்து நெஞ்சுல கல்லு வெச்சாப்பல இருந்தது எறங்கிப்போச்சு. பாரு, கண்ணுல தண்ணி வருது. உன்ற மூஞ்சியில முழிச்ச நேரந்தான், எல்லாம் நல்லதா முடிஞ்சுது.

அட, கெணத்துக்கடவு வந்துருச்சே! கண்டக்டரே, எறங்கோணும், நிப்பாட்டுங்க!

வேண்டாங் கண்ணு, கவர எங்கிட்ட நீட்டாத. நீயே வெச்சுக்க. அட, நெசமாத்தான் சொல்றேன். வெயிலு போயிட்டாப் பாசி வராது. பாசி வரலைன்னா இது எங்கூட்டுல எதைத் திங்கும், பாவம்? இவ்வளவு நேரம் உன்ற மடியில இருந்துச்சு, உனக்கும் அதுக்கும் ஒட்டிப்போச்சு. வேண்டாமுன்னு சொல்லாத. பெரியவங்க ஆசையாக் குடுக்கறத மறுக்கக்கூடாது. தொட்டி இல்லையா? அதுக்கென்ன, கமாலுதீன் பாய் கடையில கேளு, கெணத்துக்கடவு அம்மா அனுப்புனாங்கன்னு சொல்லு, நல்லாப் பாத்துக்குவாரு. கொளம் குட்டையில மட்டும் வுட்டுறாத, பாவம். உங்கூட்டுல எடமில்லைன்னா உன்ற மாமியாருக்குக் குடுத்துரு, சந்தோசப்படுவாங்க.

வர்றேன் சாமி. வழிய வுடுங்க, வழிய வுடுங்க. கண்டக்டரே, ஒரு நிமிசம், அந்தப் புள்ளைகிட்ட ஒரு சேதி சொல்லோணும். கண்ணு! ஏ கண்ணு! நல்லாக் கேட்டுக்க! எங்க வேணும்னாலும் வெய்யி, வெயிலு அடிக்கற ஜன்னல்கிட்ட மட்டும் வெச்சுப்போடாத! பாசி புடிச்சுக்கும், அப்பறம் தலைகீழா நின்னாலும் போகாது!